போன்ல விளம்பரத் தொல்லைய ஒழிக்கறது எப்படி – ஒத்தக் கோடு சிக்னல்ல வாழற மலைக்காரங்களுக்கான முழு வழிகாட்டி

ஜூலை மாசம் வந்தா நீலகிரில புள்ள வெச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு வேல உண்டு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா, காலைல அஞ்சரைக்கு ஒருக்கா போன எடுத்து நாளைக்கு ஸ்கூல் லீவான்னு தேடறது. எங்க வீட்ல சிக்னல் வர்றது சமையக்கட்டு ஜன்னல் கிட்ட மட்டும்தான், அதுவும் ஒரு கோடு, மழை சாத்துச்சுன்னா அந்த ஒரு கோடும் போயிடும். ஒரு நாள் அப்படித்தான் ஜன்னல் கம்பியோட போன ஒட்ட வெச்சிட்டு நிக்கறேன், ஒரு நியூஸ் சைட் தொறக்குது, மேல ஒரு விளம்பரம், கீழ ஒட்டிக்கிட்டே ஒண்ணு, நடுவுல கேக்காமயே ஓடற வீடியோ, நோட்டிபிகேஷன் அனுப்பட்டுமான்னு ஒரு பொட்டி, அத மூடலாம்னு எக்ஸ் அமுக்கினா அது எக்ஸே இல்ல, படத்துல வரைஞ்ச எக்ஸ், நேரா கூட்டிட்டுப் போயி உடனடி லோன் வேணுமான்னு கேக்குது. விசயம் என்னவோ ரெண்டே வரிதான், கூடலூர் பந்தலூருக்கு லீவு, நமக்கு இல்ல. அத படிக்கறதுக்குள்ள பொண்ணு பாதி யூனிபார்மும் பாதி போர்வையுமா வந்து நின்னுட்டா.

கோத்தகிரில ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை பாக்கற சின்னக் கடை நம்மளுது. கரண்ட் பில், பட்டா சிட்டா, ரயில் டிக்கெட்னு வர்றவங்கள்ல பாதிப் பேரு கடைசில "தம்பி, இந்த போன கொஞ்சம் பாருங்களேன்"னு நீட்டுவாங்க. அப்படி பாத்து பாத்து கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதறேன். ஆண்ட்ராய்ட் போன மனசுல வெச்சு எழுதிருக்கேன், ஏன்னா எங்க பக்கம் பத்துல ஒம்போது அதுதான் வருது. ஐபோன், கம்ப்யூட்டர் பத்தியும் போற போக்குல சொல்றேன். கம்பெனிக்குக் கம்பெனி செட்டிங்ஸ்ல பேரு கொஞ்சம் மாறும், நான் சொல்ற பேரு கிடைக்கலன்னா செட்டிங்ஸ் மேல இருக்கற தேடற பொட்டில அடிச்சுப் பாருங்க.

ஒரு விசயம் முன்னாடியே சொல்லிடறேன். எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, விளம்பரம் தொல்லன்னதும் பிளே ஸ்டோர் போயி ஆட் பிளாக்கர்னு தேடி முதல்ல வர்றத போட்டுடறது. அதுல சிலது விளம்பரத்த காட்டியே பொழைக்கற ஆப்பு, திருடனையே வாட்ச்மேனா வெச்ச கதை. அதனால வரிசை முக்கியம், முதல்ல உள்ள இருக்கற குப்பைய அள்ளணும், அப்புறம்தான் வலை கட்டணும்.

விளம்பரம் எங்கிருந்து வருது

இது தெரிஞ்சா மத்தது சுலபமா புரியும், அதனால பொறுமையா படிங்க. நீங்க ஒரு பக்கத்த தொறந்தா எழுத்தும் படமும் அந்த சைட்டோட கம்ப்யூட்டர்ல இருந்து வருது, விளம்பரம் பெரும்பாலும் அங்கிருந்து வர்றதில்ல. பக்கத்துக்குள்ள சின்னச் சின்ன நிரல் இருக்கும், அது வேற வேற கம்பெனி சர்வருக்கு ஓடிப் போயி "இந்த மாதிரி ஒரு ஆளு வந்திருக்காரு, இந்த ஊரு, இந்த போன், நேத்து ரெயின்கோட் தேடினாரு, யாரு காட்டறீங்க"ன்னு கேக்கும், அங்க கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஏலம் நடந்து ஜெயிச்சவன் விளம்பரம் உங்க ஸ்கிரீன்ல வந்து உக்காரும். நம்ம குன்னூர் டீ ஏலம் மாதிரிதான், என்ன, அங்க ஏலம் போறது தேயிலை, இங்க ஏலம் போறது நாம. இந்தப் போக்குவரத்து அத்தனையும் உங்க டேட்டாலதான் ஓடுது. டவுன்ல நாலு கோடு சிக்னல் இருக்கறவனுக்கு இது எரிச்சல், அவ்ளோதான், ஜன்னல் கம்பில போன ஒட்டி நிக்கறவனுக்கு பக்கமே தொறக்காது.

ஆரம்பத்துல இப்படி இல்ல. 1994 அக்டோபர்ல ஹாட்வயர்ட்ங்கற சைட்ல ஏடி அண்ட் டி கம்பெனி குடுத்த ஒரு பட்டைப் படம், அதத்தான் முதல் பேனர் விளம்பரம்னு சொல்றாங்க, ஒரு படம் இருக்கும், இஷ்டம்னா அமுக்கலாம், கதை முடிஞ்சுது. அப்புறம் ட்ரைபாட்னு ஒரு கம்பெனில ஈதன் ஜக்கர்மேன்ங்கறவரு தனி ஜன்னலா தொறக்கற பாப்-அப்ப எழுதினாரு. ஒரு கார் கம்பெனி விளம்பரம் ஆபாசப் பக்கத்துல போயி உக்காந்து பெரிய சண்டையாயிடுச்சு, அந்தப் பக்கத்தோட சேராம தனியா காட்டலாமேன்னு செஞ்ச ஏற்பாடு அது. மனுசன் 2014ல அதுக்கு மன்னிப்பு கேட்டு எழுதினாரு. கேட்டு என்ன பண்ண, ஊரெல்லாம் பரவியாச்சு.

விளம்பரம் வேற வீட்ல இருந்து வருதுங்கறதுதான் நமக்கு பிடி. அந்த வீட்டுக்குப் போற வழிய மறிச்சுட்டா போதும், பிளாக்கர் எல்லாமே இத ஏதோ ஒரு வகைல பண்றதுதான்.

முதல் படி: நோட்டிபிகேஷன் களை எடுக்கறது

கடைக்கு வர்ற போன்ல "வைரஸ் வந்துருச்சு", "உங்களுக்கு பரிசு விழுந்திருக்கு"ன்னு மேல இருந்து எறங்கற மெசேஜ்ல முக்காவாசி வைரஸ் கிடையாது. எப்பவோ ஒரு சைட் அனுமதி கேட்டிருக்கும், நம்ம அலோவ்னு அமுக்கியிருப்போம், அவ்ளோதான்.

குரோம தொறந்து மூணு புள்ளிய அமுக்கி செட்டிங்ஸ், அதுல சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிபிகேஷன்ஸ். அலோவ்டுன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல பேரு தெரியாத சைட் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா தொட்டு பிளாக் பண்ணுங்க. பேங்க், மெயில் மாதிரி உண்மையிலயே வேணும்ங்கறது ஒண்ணு ரெண்டு தேறும். மேல இருக்கற சுவிட்ச ஆப் பண்ணிட்டா இனிமே எந்த சைட்டும் கேக்கவே கேக்காது, பெரியவங்க போன்ல நான் கேக்காமயே ஆப் பண்ணிடுவேன்.

அதே சைட் செட்டிங்ஸ்ல பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்னு ஒண்ணு, இன்ட்ரூசிவ் ஆட்ஸ்னு ஒண்ணு இருக்கும், ரெண்டையும் பிளாக்ல வைங்க. ரெண்டாவது சொன்னது 2018ல குரோம்லயே கொண்டு வந்தது, ரொம்ப அத்துமீறற சைட்ல மட்டும் வேலை செய்யும், பெருசா எதிர்பாக்காதீங்க. விளம்பரம் வித்து சம்பாதிக்கற கம்பெனியே குடுக்கற பூட்டு எவ்ளோ கெட்டியா இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ரெண்டாவது படி: உள்ள உக்காந்திருக்கற ஆப்ப கண்டுபிடிக்கறது

இங்கதான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாக்கணும். அரவேணுல இருந்து ஒரு அக்கா வருவாங்க, கொழுந்து பறிக்கப் போறவங்க, மகன் கோயமுத்தூர்ல வேலை, வாங்கிக் குடுத்த போன். "தம்பி, போன தொறந்தாலே எவனோ வந்து நிக்கறான், பையன்கூட வீடியோ கால் பேச முடியல, பேசிட்டிருக்கறப்பவே மறைச்சுக்கறான்"னாங்க. பிரவுசர தொறக்காமயே, சும்மா ஹோம் ஸ்கிரீன்லயே முழுசா விளம்பரம் வருதுன்னா அது சைட் பண்ற வேலை இல்ல, போன்ல ஏதோ ஒரு ஆப்பு பண்ணுது, அதுக்கு எந்த ஆட் பிளாக்கரும் மருந்து இல்ல, ஆப்ப தூக்கறதுதான் மருந்து.

எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, விளம்பரம் வந்து நிக்கறப்போ அத மூடாதீங்க. பின்னாடி ஓடற ஆப்பெல்லாம் வரிசையா காட்டற சதுர பட்டன அமுக்குங்க, பட்டன் இல்லாத போன்ல கீழ இருந்து மேல இழுத்து நிறுத்துங்க. அந்த விளம்பர அட்டை மேல ஒரு குட்டி ஐகான் தெரியும், அதத் தொட்டுப் புடிச்சா ஆப் இன்போ வரும், ஆள் சிக்கிட்டான். அக்கா போன்ல ஒரு டார்ச் லைட் ஆப்பு. போன்லயே டார்ச் இருக்கறப்போ அது எதுக்குங்க! டார்ச், கியூஆர் ஸ்கேனர், பேட்டரி சேவர், போன் கிளீனர், வால்பேப்பர், இந்த வகைல எது இருந்தாலும் எனக்கு சந்தேகம்தான், எல்லாம் போன்ல ஏற்கனவே இருக்கற வசதிதான்.

ஐகான் தெரியலயா, செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், அதுல டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ். மத்த ஆப்பு மேல வந்து படுக்க யாருக்கெல்லாம் அனுமதி இருக்குன்னு இங்க தெரியும். காலர் ஐடி மாதிரி ஒண்ணு ரெண்டுக்கு வேணும், மிச்சத்த ஆப் பண்ணுங்க. ஆப்ஸ் முழுப் பட்டியலையும் ஒருக்கா மேல இருந்து கீழ பாத்துடுங்க, சில கேடி ஆப்பு ஐகான மறைச்சிட்டு இங்க மட்டும் பேரில்லாம உக்காந்திருக்கும்.

அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலா அமுங்காம இருந்தா அது பெரும்பாலும் டிவைஸ் அட்மின்னு, போனையே நிர்வாகம் பண்ற அனுமதி வாங்கி வெச்சிருக்கும். செட்டிங்ஸ்ல டிவைஸ் அட்மின்னு தேடி அங்க டிக்க எடுத்துட்டு திரும்ப வந்து தூக்குங்க. அதுக்கும் விடாம விளம்பரம் வந்து குறுக்க விழுந்துட்டே இருந்தா போன சேப் மோட்ல போடணும், நெறைய போன்ல பவர் ஆப் எழுத்த அமுக்கிப் புடிச்சா கேக்கும், அந்த மோட்ல வெளி ஆப்பு எதுவும் ஓடாது, நிம்மதியா தூக்கலாம், அப்புறம் ரீஸ்டார்ட். கடைசியா பிளே ஸ்டோர்ல உங்க படத்த தொட்டு பிளே புரொடெக்ட் போயி ஒரு ஸ்கேன். அது எல்லாத்தையும் புடிச்சிடும்னு நெனைக்காதீங்க, ஆனா செலவில்லாத வேலை.

மூணாவது படி: விளம்பர அடையாள நம்பர அழிக்கறது

இது ரெண்டு நிமிச வேலை. செட்டிங்ஸ்ல கூகுள், அதுல ஆட்ஸ் (சில போன்ல ஆல் சர்வீசஸ்க்குள்ள இருக்கும்), டிலீட் அட்வர்டைசிங் ஐடி. ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் குடுத்து வெச்சு, நீங்க எந்த ஆப்புல என்ன பண்றீங்கன்னு அத வெச்சு கோத்துப் பாக்கறாங்க, அந்த நம்பரத்தான் அழிக்கறோம். விளம்பரம் கொறையாது, உங்களத் தொரத்தி வர்றது கொறையும்.

நாலாவது படி: பிரவுசர மாத்தறது, நெஜ வேலை இதுதான்

போன்ல இருக்கற குரோம்ல எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோட ஒட்டிக்கிட்டு வேலை செய்யற குட்டி நிரல், போட முடியாது, அதனால ஆட் பிளாக்கரும் போட முடியாது. பயர்பாக்ஸ்ல முடியும். பிளே ஸ்டோர்ல பயர்பாக்ஸ் போட்டு, தொறந்து, மூணு புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், அங்க பட்டியல்ல யூபிளாக் ஆரிஜின் இருக்கும், பக்கத்துல கூட்டல் குறிய அமுக்குங்க, ஆட் குடுங்க. முடிஞ்சுது. நெஜமா அவ்ளோதான்.

பேருல ஆரிஜின்னு இருக்கான்னு நல்லா பாத்துக்கோங்க, வெறும் யூபிளாக்னு வேற ஒண்ணு இருக்கு, அது வேற ஆளுங்க கைல. ஆரிஜின எழுதினது ரேமண்ட் ஹில்ங்கறவரு, 2014ல இருந்து சும்மாதான் குடுக்கறாரு, நன்கொடை குடுக்கறேன்னாலும் வாங்கறதில்ல, விளம்பரத்த தடுக்கற பட்டியல் போடறவங்களுக்கு வேணா குடுங்கங்கறாரு. இன்னொரு பக்கம், ஆட்பிளாக் பிளஸ்னு பழைய பிரபலமான ஒண்ணு, 2011ல ஏத்துக்கத்தக்க விளம்பரம்னு ஒரு திட்டம் கொண்டு வந்து, அடக்க ஒடுக்கமான விளம்பரத்த உள்ள விடறாங்க, பெரிய கம்பெனிங்க கிட்ட அதுக்கு காசும் வாங்கறாங்க. அந்த சுவிட்ச நாம ஆப் பண்ணிக்கலாம்தான். இருந்தாலும் எனக்கு அது ஒப்பல, செக்போஸ்ட்ல காசு குடுத்தா வண்டிய விடற மாதிரி இருக்கு.

போட்டதும் தமிழ் சைட்டுக்குன்னு ஒரு சின்ன வேலை பண்ணணும், இத நெறைய பேரு விட்டுடறாங்க. யூபிளாக் ஆரிஜின தொட்டு, பல்சக்கர படத்த அமுக்கினா டேஷ்போர்ட் வரும், அதுல பில்டர் லிஸ்ட்ஸ், கீழ ரீஜன்ஸ்ங்கற எடத்துல இந்தியன்லிஸ்ட்னு ஒண்ணு இருக்கும், டிக் பண்ணுங்க. நம்ம ஊரு மொழி சைட்ல வர்ற விளம்பரத்துக்காகவே ஆளுங்க தொகுத்த பட்டியல் அது. அதுக்கு மேல அனாயன்சஸ்னு ஒரு பகுதி, குக்கீக்கு சம்மதம் கேக்கற பொட்டி, ஆப்ப டவுன்லோட் பண்ணுங்கன்னு கெஞ்சற பட்டை எல்லாத்துக்கும். டிக் பண்ணி மேல அப்ளை சேஞ்சஸ் குடுங்க. பட்டியல் நெறைய இருந்தா நெறைய தடுக்கும்னு ஆசைப்பட்டு எல்லாத்தையும் டிக் பண்ணிடாதீங்க, பழைய போன் மூச்சு வாங்கும்.

அப்புறம் செட்டிங்ஸ்ல டிபால்ட் ஆப்ஸ் போயி பிரவுசர்ங்கறதுல பயர்பாக்ஸ வைங்க, இல்லன்னா வாட்சப்ல வர்ற லிங்க் எல்லாம் பழையபடி குரோம்லதான் தொறக்கும், நீங்க ஆட் பிளாக்கர் வேலை செய்யலன்னு என் கடைக்கு வருவீங்க.

இவ்ளோ நோண்ட பொறுமை இல்லாதவங்களுக்கு பிரேவ் பிரவுசர் இருக்கு, அதுல தடுக்கறது உள்ளயே வெச்சுக் குடுக்கறாங்க, போட்டா போதும். புது டேப்ல அவங்களோட விளம்பரப் படம், ரிவார்ட்ஸ்னு கொஞ்சம் சொந்த யாவாரம் இருக்கும், செட்டிங்ஸ்ல அத ஆப் பண்ணிக்கலாம். எங்கப்பா போன்ல அதுதான், குறை சொன்னதில்ல.

ஐபோன்காரங்க சபாரிக்கு ஆப் ஸ்டோர்ல யூபிளாக் ஆரிஜின் லைட் போட்டு, செட்டிங்ஸ்ல சபாரி எக்ஸ்டென்ஷன்ஸ்ல ஆன் பண்ணணும், ஆன் பண்றதத்தான் மறந்துடறாங்க.

கம்ப்யூட்டர்ல குரோம் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு சேதி. எக்ஸ்டென்ஷன் எழுதற விதிமுறைய மேனிபெஸ்ட் வி3ன்னு கூகுள் மாத்தினதுல, 2024ல ஆரம்பிச்சு 2025க்குள்ள பழைய யூபிளாக் ஆரிஜின் குரோம்ல வேலை செய்யாம போச்சு. லைட்னு ஒண்ணு இருக்கு, சாதாரண சைட்டுக்கு போதும், ஆனா பழைய பலம் கிடையாது. முழு பலம் வேணும்னா கம்ப்யூட்டர்லயும் பயர்பாக்ஸ்தான்.

அஞ்சாவது படி: பிரைவேட் டிஎன்எஸ், கேம் ஆப்பு விளம்பரத்துக்கும் சேத்து

பிரவுசருக்குள்ள சரி பண்ணியாச்சு, மத்த ஆப்புக்குள்ள வர்ற விளம்பரத்துக்கு என்ன பண்றது. டிஎன்எஸ்ங்கறது நெட்டோட டெலிபோன் டைரக்டரி, பேரச் சொன்னா நம்பர் குடுக்கும். விளம்பரக் கம்பெனி பேரு மட்டும் கிழிச்சு எடுத்த ஒரு டைரக்டரிய போனுக்கு குடுத்துட்டா, எந்த ஆப்பு கேட்டாலும் அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லிடும். ஆண்ட்ராய்ட் 9ல இருந்து எல்லா போன்லயும் இதுக்கு எடம் இருக்கு.

செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்னு தேடுங்க, மூணு தேர்வு வரும், கடைசியா புரவைடர் ஹோஸ்ட்நேம்னு இருக்கறத தொட்டு, அப்படி ஒரு டைரக்டரி வெச்சிருக்கற ஆட்கார்ட்ங்கற கம்பெனியோட முகவரிய அடிக்கணும். எப்படின்னா டிஎன்எஸ், புள்ளி, ஆட்கார்ட், சின்ன நடுக்கோடு, திரும்ப டிஎன்எஸ், புள்ளி, காம். எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து, நடுவுல எடம் விடக்கூடாது. ஆட்கார்டுக்கு ஏ, டி, ஜி, யு, ஏ, ஆர், டி. ஒரு எழுத்து மாறினா மொத்த நெட்டும் நின்னுடும், பயந்துடாதீங்க, திரும்ப வந்து சரி பண்ணினா ஓடும். ஆப்பு எதுவும் போட வேண்டியதில்ல, பேட்டரி போகாது, காசும் இல்ல.

இதுல மலைக்காரங்களுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, சமவெளில உக்காந்து எழுதறவங்க யாரும் சொல்லமாட்டாங்க. சிக்னல் ரொம்ப கம்மியா இருக்கற எடத்துல, குஞ்சப்பனை வளைவுல போறப்போ, கீழ்க்கோத்தகிரி பக்கம் எறங்கறப்போ, பிரைவேட் டிஎன்எஸ் சர்வர அணுக முடியலன்னு மெசேஜ் வந்து, இருக்கற கொஞ்ச நெட்டும் வேலை செய்யாம நிக்கும். அப்போ அதே எடத்துல போயி ஆட்டோமேட்டிக்னு மாத்திடுங்க, சிக்னல் வந்ததும் திரும்ப வைங்க. லாட்ஜ், ஆஸ்பத்திரி வைபைல பாஸ்வேர்ட் போடற பக்கம் தொறக்கலன்னாலும் இதே மருந்துதான். பேங்க் ஆப்பு ஏதாவது முரண்டு புடிச்சாலும் முதல்ல இத ஆட்டோமேட்டிக் பண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு, நீங்க எந்தெந்த சைட் பேர கேக்கறீங்கன்னு அந்த டைரக்டரி வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும். இத்தனை நாளா சிம் கம்பெனிக்கு தெரிஞ்சிட்டிருந்தது, இப்போ இவங்களுக்கு. யாராவது ஒருத்தர நம்பித்தான் ஆகணும், முடிவு உங்களுது.

பைபர் கனெக்‌ஷன் எடுத்து ஹோம்ஸ்டே நடத்தறவங்க ஒவ்வொரு போனா மாத்த வேண்டாம், ரவுட்டர்லயே டிஎன்எஸ் எடத்துல 94.140.14.14, 94.140.15.15ன்னு ரெண்டு நம்பர போட்டுட்டா வீட்டுக்குள்ள வர்ற எல்லா போனுக்கும், டிவிக்கும் சேத்து வேலை செய்யும். பை-ஹோல்னு, இதே டைரக்டரி வேலைய வீட்லயே பண்ற ஒரு மென்பொருள ராஸ்பெர்ரி பை குட்டி கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டறது இன்னும் நல்லது, ஆனா மழைல கரண்ட் போயி வந்து போயி வந்து அந்தக் குட்டி ஒருக்கா படுத்துச்சுன்னா வீடே நெட் இல்லாம உக்காரும், ஆர்வக்கோளாறு இருக்கறவங்க மட்டும் பண்ணுங்க.

இதுக்கு அடங்காதது எது

யூடியூப் ஆப்பு, பேஸ்புக், இன்ஸ்டா. அங்க வீடியோ வர்ற வீட்ல இருந்தேதான் விளம்பரமும் வருது, டைரக்டரில பேர கிழிச்சா வீடியோவும் சேந்து போயிடும், அதனால டிஎன்எஸ் இங்க உதவாது. யூடியூப ஆப்புல பாக்காம பயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜினோட பாத்தா பெரும்பாலும் விளம்பரம் வராது. 2023ல இருந்து யூடியூப் ஆட் பிளாக்கர கண்டுபிடிச்சு எச்சரிக்கை காட்டுது, இவங்க பட்டியல மாத்தறாங்க, அவங்க பூட்ட மாத்தறாங்க, பூனை எலி ஆட்டம் ஓடிட்டே இருக்கு. திடீர்னு ஒரு நாள் வேலை செய்யலன்னா பில்டர் லிஸ்ட்ஸ்ல அப்டேட் நவ் குடுத்துட்டு ஒரு நாள் பொறுங்க. இல்ல காசு குடுத்து பிரீமியம் வாங்கிக்கறது, அது நேர்மையான வழி, குறை சொல்ல மாட்டேன். யாரோ வாட்சப்ல அனுப்பின மாத்தின யூடியூப் ஆப்ப மட்டும் போடாதீங்க, உள்ள என்ன வெச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும், அதுல கூகுள் பாஸ்வேர்ட வேற குடுக்கணும்.

சைட் ஒடைஞ்சா என்ன பண்றது

இது தெரியாம ஆட் பிளாக்கர் போட்டா ஒரு மாசத்துல வெறுத்துப் போயி எடுத்துடுவீங்க. பணம் கட்டற பக்கம், ஓடிபி பக்கம், சில அரசு சைட்ல ரசீது தனி ஜன்னலா தொறக்கறது, இதெல்லாம் சில நேரம் மாட்டிக்கும். அந்த சைட்ல இருந்துட்டே யூபிளாக் ஆரிஜின தொட்டா பெரிய பவர் பட்டன் ஒண்ணு தெரியும், அமுக்கினா அந்த சைட்டுக்கு மட்டும் ஆப் ஆகும், பக்கத்த ரீலோட் பண்ணுங்க. பணம் கட்டற வேலைக்கு முன்னாடியே ஆப் பண்ணிட்டு ஆரம்பிச்சுடுங்க, நடுவுல நின்னா பணம் போயி ரசீது வராம வயித்தெரிச்சல்.

விளம்பரம் தடுத்தும் ஏதோ ஒரு பட்டை நடுவுல தொங்கிட்டே இருந்தா யூபிளாக் ஆரிஜின்ல இருக்கற மின்னல் படத்த தொட்டு அது மேல தட்டுங்க, அந்த நேரத்துக்கு மறையும். நிரந்தரமா போகணும்னா பக்கத்துல சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு படம் இருக்கும், அதுல எடுத்து கிரியேட் குடுங்க. கம்ப்யூட்டர்ல இது ரொம்ப சுலபம், போன்ல விரல் தடிமனா இருந்தா கொஞ்சம் கஷ்டம்.

அப்புறம் அந்த பவர் பட்டனுக்கு இன்னொரு பயனும் இருக்கு. எங்க பக்கம் மண்சரிவு, ரோட்ல மரம் விழுந்தது, யானை எறங்கினதுன்னு உடனுக்குடன் போடற சின்ன செய்திக்காரங்க இருக்காங்க, மழைல நனைஞ்சுக்கிட்டு போட்டோ எடுத்துப் போடறாங்க, அவங்களுக்கு வர்ற நாலு காசு விளம்பரத்துலதான். அப்படி ரெண்டு மூணு சைட்டுக்கு நான் ஆப் பண்ணித்தான் வெச்சிருக்கேன், விளம்பரம் ஓரமா நிக்கற வரைக்கும் எனக்கு சண்டை இல்ல. எழுத்து மேல ஏறி உக்காந்தா திரும்ப ஆன்.

காச திங்கற விளம்பரம்

இது வரைக்கும் சொன்னது எரிச்சலுக்கு. இது பாக்கெட்டுக்கு. 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டி வரணும்னா இ-பாஸ் எடுக்கணும், ஹைகோர்ட் உத்தரவு. இ-பாஸுக்கு காசே கிடையாது. ஆனா கீழ இருந்து வந்த ஒரு குடும்பம் என் கடைல வந்து நிக்கறாங்க, போன்ல தேடினப்போ மேலயே வந்த லிங்க அமுக்கி, நம்பர் எல்லாம் குடுத்து, சர்வீஸ் சார்ஜ்னு பணமும் கட்டியாச்சு, பாஸ் வரல. அந்த மேல வந்த லிங்க் ஒரு விளம்பரம். பக்கத்துல ஸ்பான்சர்ட்னு குட்டியா எழுதியிருக்கும், அத யாரு பாக்கறா. நான் அரசு சைட்ல போட்டுக் குடுத்தேன், அஞ்சு நிமிசம்.

மலை ரயில் டிக்கெட், கேஸ் புக்கிங், பேங்க் கஸ்டமர் கேர் நம்பர், இது மூணையும் தேடறப்போ ரொம்ப சாக்கிரதை. 2022 டிசம்பர்ல அமெரிக்காவோட புலனாய்வு போலீஸ் எப்பிஐயே, தேடல் விளம்பரத்துல போலி சைட் வருது, ஆட் பிளாக்கர் போட்டுக்கோங்கன்னு மக்களுக்கு அறிவிப்பு குடுத்தாங்க. பிளாக்கர் போட்டா அந்த மேல வர்ற விளம்பர லிங்க் மறைஞ்சுடும், இது ஒண்ணுக்காகவே பெரியவங்க போன்ல போட்டுடலாம். ஆனா பிளாக்கர் இருக்குன்னு கண்ண மூடிட்டும் இருக்க முடியாது, அரசு சைட் முகவரி எப்படி முடியுதுன்னு பாத்துப் பழகுங்க.

பணம் போயிடுச்சுன்னா வெக்கப்பட்டு மறைக்காம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்ளோ சீக்கிரம் பண்றோமோ அவ்ளோ நல்லது. விளம்பரத்த செய்தி மாதிரி வேசம் போட்டுக் காட்டறது, வைரஸ் இருக்குன்னு பயமுறுத்தி ஆப்பு போட வைக்கறது, இதெல்லாம் 2023 நவம்பர்ல மத்திய அரசு போட்ட டார்க் பேட்டர்ன்ஸ் வழிகாட்டுதல்ல தப்புன்னு சொன்ன 13 வகைல வருது, நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் குடுக்கலாம்.

திரும்பப் பாக்க வேண்டியது

போன் பெரிய அப்டேட் வாங்கினதும் ஒருக்கா பிரைவேட் டிஎன்எஸ், டிபால்ட் பிரவுசர் ரெண்டும் வெச்ச மாதிரியே இருக்கான்னு பாத்துடுங்க. புது ஆப்பு போட்டதுக்கு அப்புறம் விளம்பரம் முளைச்சா கடைசியா போட்டதத்தான் முதல்ல சந்தேகப்படணும். சின்னப் பசங்க கைல போன் போயி வந்தா நோட்டிபிகேஷன் பட்டியல மறுபடி எடுத்துப் பாருங்க, நாலு புது அலோவ் இருக்கும், என் அனுபவத்துல தப்பினதே இல்ல.

பெரியவங்க போன்ல இதெல்லாம் பண்ணிக் குடுத்தா, நெட் நின்னா என்ன பண்ணணும்னு கட்டாயம் சொல்லிக் குடுங்க, இல்லன்னா ராத்திரி ஒம்போது மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும், வேற யாரோ போன்ல இருந்து. நான் பில்லுக்குப் பின்னாடி பெருசா எழுதிக் குடுத்துடுவேன், நெட் வரலன்னா செட்டிங்ஸ், பிரைவேட் டிஎன்எஸ், ஆட்டோமேட்டிக்னு, மூணு வார்த்தைக்கும் பக்கத்துல அந்தப் படம் எப்படி இருக்கும்னு வரைஞ்சும். அரவேணு அக்கா அந்த பில்ல ரெண்டா மடிச்சு போன் கவருக்குள்ள, பேரன் போட்டோவுக்குப் பின்னாடி வெச்சிருக்காங்க.